சாமி இருந்த பலகை

ஓடிச் சூடேறிய தோல் வாரின்மேல் குங்கிலியப் பொடி விழுந்து உருகும்போது எழும் மணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. பாதி கோவில் மணம், பாதி மாடு கருகும் மணம், இரண்டும் பிரிக்க முடியாமல் ஒன்றாய் வந்து தொண்டையில் உட்காரும். கொடிகாமத்துக்குப் போகும் பாதையில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த எண்ணெய் ஆலையின் வாசலில் முதன்முதலாக அந்த மணத்தை மோந்தபோது எனக்கு எட்டு ஒன்பது வயது. கும்பிடுவதா ஓடுவதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். இத்தனை வயதாகியும், கும்பிட்டவர்களைவிட ஓடியவர்களுக்கே புத்தி இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தக் காலம் அது. எண்ணெய்க்கு எங்கிருந்தோவெல்லாம் ஆள் வந்தது. தென்மராட்சித் தேங்காய் முழுவதும் அந்த ஆலைக்குள்தான் போய் விழுகிறது என்று சொல்லுமளவுக்கு வண்டிகள் வரிசையாய் நிற்கும். மாடு சுற்றும் செக்கைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு மாடே இல்லாமல் சுற்றும் செக்குகள் நம்பத்தக்கவையாக இல்லை. எதையும் தின்னாமல் எதுவும் வேலை செய்யாது என்று எங்களுக்குத் தெரியும். அப்படியானால் அந்த எஞ்சின் எதைத் தின்கிறது?

பதில் ஊரில் தயாராக இருந்தது. வருசத்துக்கு ஒரு தலை கேட்குமாம். "பிள்ளைபிடிகாரன்" சாக்கோடு திரிவது அதற்காகத்தானாம். பக்கத்து வளவுக் கண்மணி மாமி தன் பிள்ளைகளைச் சோறு தின்னவைப்பதற்கு வேறு கதை சொல்வதே இல்லை. "தின்னாட்டி எஞ்சினுக்குப் போடக் குடுத்துவிடுவன்" என்பாள். நான் அந்தக் கதையை நம்பினேன் என்று சொல்ல மாட்டேன், நம்பாமலும் இல்லை. ஆலையிலிருந்து எங்கள் பசுவுக்கு வரும் பிண்ணாக்கை வைக்கும் முன் உடைத்து, உள்ளே மயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

எனக்கு உள்ளே போக வழி கிடைத்தது பாக்கியம் சின்னம்மாவால். அம்மாவின் கடைசித் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். ஆலையில் கொப்பரா வெட்டுவதும், வெட்டியதைக் கடகத்தில் அள்ளிச் செக்கடிக்குச் சுமந்துபோய்க் கொட்டுவதும் அவள் வேலை. கறுப்பி, நெடுவல், வாய் ஓயாது. சரசாலைப் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை பேசி, தை பிறந்ததும் கலியாணம் என்று வைத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டை நான் கொண்டுபோவேன். சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வா என்றுதான் அம்மா அனுப்புவாள். சின்னம்மா தின்று முடியும்வரை நான் எஞ்சினைப் பார்ப்பேன்.

அதைப் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது, எவ்வளவு கோபம் இருந்தாலும். தனிக் கொட்டகையில் ஓர் ஆள் உயரத்துக்கு, வண்டிச் சக்கரம் போல இரண்டு இரும்புச் சில்லுகள், நடுவில் வயிறு போல ஒரு பெரிய இரும்பு உருளை. அதை ஓட்டியவர் செல்லையாண்ணை. மெலிந்த மனிதர், இரண்டு கையும் எப்போதும் எண்ணெய். உருளையின் தலையை ஊதி எரிகிற விளக்கால் சிவக்கச் சிவக்கச் சூடாக்கிவிட்டு, சில்லின் ஆரக்காலில் காலை வைத்து முன்னும் பின்னும் ஆட்டுவார். ஆட்டி ஆட்டி விடுவார். அது இருமும். பிறகு இன்னொருமுறை இருமும். பிறகு கூரைக்கு மேலிருந்த புகைக்குழாய் "டுப்" என்று ஒரு கறுப்பு வளையத்தைத் துப்பும். அவ்வளவுதான். கொட்டகையின் மண் என் உள்ளங்காலுக்குள் ஏறி நடுங்கும். சுவருக்கு அப்பால் முகட்டோடு நீண்டு கிடந்த இரும்புத் தண்டு சுழலத் தொடங்கும். அதிலிருந்து தொங்கிய வார்கள் ஒவ்வொன்றாய் உயிர் பெறும். வரிசையாய் நின்ற செக்குகள் ஒன்றையொன்று பார்த்துப் பழகியவை போல ஒரே நேரத்தில் தலை சுற்றும். ஒரு மனிதன் காலால் தட்டியதற்கு ஒரு கட்டடமே அசைந்தது. நான் வாயைப் பிளந்தேன் என்றால் அது பொய்யில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் பார்க்க முடியவில்லை. எஞ்சினிலிருந்து முகட்டுத் தண்டுக்குப் போகும் பெரிய வாரை, "பெல்ற்" என்று அங்கே சொல்வார்கள், ஒரு முழ அகலத் தோல், அதைத் தார் பூசிய பனம் பலகைகளால் நெஞ்சளவுக்கு மறைத்திருந்தார்கள். செக்கடிக்குப் போகும் ஒடுங்கிய வழி அந்தப் பலகைகளை ஒட்டித்தான் போனது. உள்ளிருந்து "சள் சள்" என்று ஒரு சத்தம் வரும். செல்லையாண்ணை இடையிடையே வந்து பலகைக்கு மேலால் குங்கிலியப் பொடியை எறிவார். வார் வழுக்காமல் இருக்க அது. எனக்கு அது யாருக்கோ தூபம் காட்டுவது போலிருந்தது. எதை ஒளித்து வைத்திருக்கிறார்கள்? தலைகள் அங்கேதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"சின்னம்மா, உந்தப் பலகைக்குப் பின்னாலை என்ன?"

"உன்னைப் போலை கேள்வி கேட்ட பெட்டையள்" என்றாள் அவள், சோற்றைக் குழைத்தபடி. "எல்லாரும் வரிசையா இருக்கினம். ஒரு இடம் காலியாக் கிடக்கு. போய்ப் பாரன்."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அந்த வருசம் சரசுவதி பூசைக்கு ஆலையை நிறுத்திக் கழுவினார்கள். ஊரில் எல்லோரும் அரிவாளையும் அகப்பையையும் புத்தகத்தையும் வைத்துக் கும்பிடும்போது ஆலை முதலாளி எஞ்சினை வைத்துக் கும்பிடுவதில் என்ன பிழை? பிழையில்லை. சில்லுக்குச் சந்தனம், உருளைக்குக் குங்குமம், தண்டுக்கு மாலை. பெரிய வாருக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று முதலாளி சொல்ல, பலகைகளைக் கழற்றினார்கள். கழற்றிய பலகைகளைக் கல்லுக்கு மேல் அடுக்கி, வெள்ளை விரித்து, அதில் கும்பமும் லட்சுமி படமும் வைத்தார்கள். வெளியே வேம்படியில் நின்ற வைரவர் சூலத்தையும் பிடுங்கி வந்து பலகை இடுக்கில் நட்டார்கள். ஐயர் வந்தார். வடைமாலை சாத்தினார்கள். எனக்கு இரண்டு வடையும் கிடைத்தது, வாரைத் திறந்தபடி பார்க்கவும் கிடைத்தது. பின்னால் ஒரு தலையும் இல்லை. ஒரு சில்லும் தூசும் மட்டும். எனக்குப் பெரிய ஏமாற்றம்.

பூசை முடிந்தது. அடுத்த கிழமை எண்ணெய் விலை ஏறியது. யுத்தத்தால் ஏறிய விலை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதலாளிக்கு மட்டும் தெரியவில்லை. "வைரவர் உள்ளுக்கை வந்தாப்போலைதான்" என்றார். கோவில் விளக்குகளுக்கெல்லாம் எண்ணெய் கொடுக்கும் மனிதர், நெற்றி நிறையத் திருநீறு, அவர் சொன்னால் யார் மறுப்பது? சூலம் உள்ளேயே நின்றது. பலகையும் அதன் கீழேயே கிடந்தது.

செல்லையாண்ணை கேட்டார். நான் சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றபோதே கேட்டார்.

"முதலாளி, வார் திறந்து கிடக்கு. ஆக்கள் போற வழி. பலகையைத் தந்தியள் எண்டால் பூட்டிவிடுவன்."

"சாமி இருக்கிற பலகையை உருவச் சொல்லுறியோ செல்லையா? விளங்கித்தான் கதைக்கிறியோ?"

"அப்ப வேறை பலகை…"

"பாப்பம், பாப்பம்."

தென்மராட்சியில் பனைக்குப் பஞ்சமா? அவருடைய வளவுக்குள்ளேயே ஒரு தோப்பு நின்றது. ஒரு மரம் தறித்தால் வாரையும் மூடலாம், ஆலையைச் சுற்றியும் மூடலாம். கார்த்திகை வந்தது, மழை பெய்தது, முதலாளி பார்த்துக்கொண்டேயிருந்தார். பெண்கள் வரும்போது செவ்வரத்தம்பூக் கொண்டுவந்து பலகையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அந்தப் பலகை நிற்க வேண்டிய இடத்தில் ஓடிக்கொண்டிருந்த வாரை உரசிக்கொண்டு கடகம் சுமந்தார்கள். சின்னம்மாவும்தான் வைத்தாள். எனக்கு அப்போதே அந்த வெள்ளைத் துணி பிடிக்கவில்லை. பலகை முன்பு வாரை ஒளித்தது, இப்போது துணி பலகையை ஒளிக்கிறது என்று பட்டது. பிள்ளைப் புத்தி சந்தேகப்படத் தொடங்கினால் விடாது.

மார்கழி பிறக்கும் நேரம் வரணியில் எங்கள் பாட்டன் முறையான ஒரு கிழவர் செத்தார். எங்களுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்குக் காலத்தில் கோவிலுக்குப் போவதில்லை, சாமி காரியத்தில் கை வைப்பதில்லை. சாமி இருக்கிற ஆலைக்கு எப்படிப் போவது என்று சின்னம்மா வீட்டில் நின்றுவிட்டாள். கொப்பரா குவிந்து கிடந்தது. இரண்டாம் நாள் காலை வாசல் படலையடியில் செல்லையாண்ணை வந்து நின்றார்.

"பாக்கியம், முதலாளி வரட்டாம். துடக்குக் கோவிலுக்குத்தானாம், ஆலைக்கு இல்லையாம். நிண்டால் பேந்து வேலைக்கு வரத் தேவையில்லையாம்."

"முதலாளியின்ரை வைரவர் ஒண்டும் சொல்ல மாட்டாரோ?"

"எனக்குத் தெரியாது பிள்ளை. சொல்லச் சொன்னதைச் சொல்லுறன்."

அவள் போனாள். பூ மட்டும் வைக்கவில்லை. அதை நான் இங்கே அழுத்திச் சொல்கிறேன், பின்னால் வந்த கதைகளுக்காக.

அன்று மத்தியானம் நான் போனபோது வழியில் எண்ணெயும் மழைச் சேறும் கலந்து வழுக்கியது. சின்னம்மா கடகத்தோடு எதிரே வந்தாள். என்னைக் கண்டதும் கண்ணைச் சிமிட்டினாள். அவள் கால் வழுக்கியது. சேலைத் தலைப்புப் பறந்து வாரில் பட்டது. அதை இழுக்க வலக்கையை நீட்டினாள். அதற்குமேல் நான் எழுதப் போவதில்லை. செல்லையாண்ணை பாய்ந்து வந்து ஒரு கம்பால் வாரைத் தட்டி விழுத்தினார், ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினார். எஞ்சின் நின்ற பிறகும் அந்த இரண்டு பெரிய சில்லுகளும் தங்கள் பாட்டில் சுற்றிக்கொண்டே இருந்தன. எந்தச் சில்லைக் கண்டு வாயைப் பிளந்தேனோ அந்தச் சில்லு.

முதலாளியின் கார் முன்னால் நின்றது. பெற்றோல் இல்லை என்றார். சின்னம்மாவை மாட்டுவண்டியில் ஏற்றி யாழ்ப்பாணத்துப் பெரிய ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்று பின்னேரமே அந்தக் கார் கோவிலுக்கு ஐயரைக் கூட்டிவரப் போனதை நான் எங்கள் படலையில் நின்று பார்த்தேன்.

ஐயரை ஏன் கூட்டி வந்தார் என்பது மறுநாள் ஊருக்குத் தெரிந்தது. சாந்தி செய்யவாம். துடக்கோடு ஒருத்தி வந்து வைரவரைத் தீண்டிவிட்டாளாம். வைரவர் கையை வாங்கிவிட்டாராம். இதை முதலாளி சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பெருமூச்சோடு, பாவம் போலச் சொன்னார். அதனால் எல்லோரும் நம்பினார்கள். வருசத்துக்கு ஒரு தலை கேட்கும் எஞ்சின் என்று கதை சொல்லிக்கொண்டிருந்த சனம், அந்த எஞ்சின் கண்முன்னால் ஒரு கையைத் தின்றபோது, எஞ்சினை விட்டுவிட்டு அவளைச் சந்தேகப்பட்டது.

"துடக்கோடை போய்ப் பூ வைச்சால் சாமி சும்மா விடுமோ?" என்றாள் கண்மணி மாமி, எங்கள் முற்றத்திலேயே நின்று.

"அவள் பூ வைக்கேல்லை" என்றேன்.

"நீ சும்மா கிட. பெரிய ஆக்கள் கதைக்கேக்கை!"

அம்மாவும் பாதி நம்பினாள். சரசாலையிலிருந்து மாப்பிள்ளையின் தாய் வந்தாள். ஒரு கை இல்லாததைக்கூடப் பார்த்துக்கொள்ளலாம், சாமிக் குற்றம் உள்ள பெட்டையை எப்படி வீட்டுக்குள் எடுப்பது என்று கேட்டுவிட்டுப் போனாள். வார் பிடித்த கை என்றிருந்தால் ஒருவேளை அந்தக் கலியாணம் நடந்திருக்கும். வைரவர் பிடித்த கை என்று ஆனதால் நடக்கவில்லை. சின்னம்மாவின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு சொல்லில் தொங்கியது.

ஊர் அதிகாரி விதானையார் விசாரிக்க வந்தார். ஆலைக்குள் எல்லோரும் கூடினோம். முதலாளி அவரைக் கதிரையில் இருத்தி இளநீர் கொடுத்தார். வார் ஏன் திறந்து கிடக்கிறது என்று விதானையார் கேட்டதும், "அது எப்பவும் அப்பிடித்தான்" என்றார் முதலாளி. செல்லையாண்ணை தன் எண்ணெய்க் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அம்மாவின் பிடியை உதறிவிட்டுப் போய், சூலத்தின் கீழிருந்த வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்தேன்.

"இதுதான் வாருக்குப் போட்டிருந்த பலகை. தார் பூசிக் கிடக்குப் பாருங்கோ. ஆணி ஓட்டை இருக்கு."

விதானையார் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். தாரும் தெரிந்தது, ஓட்டையும் தெரிந்தது. பிறகு இளநீர்க் கோம்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, செருப்பைக் கழற்றி, பலகையைக் கும்பிட்டார். "சாமி காரியத்திலை நாங்கள் தலையிடேலாது" என்றார். அம்மா என் கன்னத்தில் அறைந்த அறை இன்னும் காதுக்குள் கேட்கிறது. அன்றிலிருந்து ஒரு மனிதன் அளவுக்கு மிஞ்சிக் கும்பிடுவதைக் கண்டால் அவன் எதைப் பார்த்துவிட்டான் என்றுதான் நான் தேடுவேன்.

தைப்பொங்கல் கழிந்து சின்னம்மா வீட்டுக்கு வந்தாள். மெலிந்து போயிருந்தாள். ஊர் சொன்னதையெல்லாம் அம்மா அவளுக்குச் சொன்னாள். வைரவருக்கு ஒரு பொங்கல் வைத்து மன்னிப்புக் கேட்டால் நல்லது என்றும் சொன்னாள். சின்னம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "ஓம், போறன்" என்றாள். அடுத்தநாள் காலையில் தோய்ந்து, ஈரத் தலையோடு ஆலைக்குப் புறப்பட்டாள். நானும் பின்னால் போனேன். மன்னிப்புக் கேட்க வருகிறாள் என்று பெண்கள் கடகத்தை வைத்துவிட்டு வழிவிட்டார்கள். முதலாளியும் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றார்.

சின்னம்மா சூலத்தைக் கும்பிட்டாள். ஒரு கையால் கும்பிடுவதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். பிறகு அதைப் பிடுங்கிச் சுவரோடு சாத்தினாள். லட்சுமி படத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். துணியை உருவி மடித்துத் தோளில் போட்டாள்.

"ஏய், ஏய்! என்ன செய்யிறாய்? விசரே உனக்கு?"

"ஆலைக்குத் துடக்கு இல்லை எண்டு ஆள் விட்டனியள், முதலாளி. அப்ப இது ஆலையோ கோவிலோ? கோவில் எண்டால் துடக்குக்காரியை ஏன் கூப்பிட்டனியள்? ஆலை எண்டால் சாமி ஏன் என்ரை கையைக் கேக்குது?"

"நான் எப்ப ஆள் விட்டனான்?"

அவள் திரும்பினாள். "செல்லையாண்ணை. உங்கடை வாயாலைதானே சொன்னியள்?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவர் பதில் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. விதானையார் முன்னால் திறக்காத வாய்.

"ஓம்" என்றார்.

சின்னம்மா பலகையின் ஒரு நுனியை இடக்கையால் தூக்கினாள். நீளப் பலகை, மறுநுனி மண்ணில் இழுபட்டது. செல்லையாண்ணை எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து அந்த நுனியைப் பிடித்தார். இரண்டு பேருமாய் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் பழைய ஓட்டையில் பூட்டினார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. நியாயம் விளங்கியதால் தடுக்கவில்லை என்று நினைக்காதீர்கள். வைரவர் தீண்டியவளைத் தொட்டால் தங்களுக்கும் ஏதாவது ஆகும் என்ற பயம். எந்தக் கதையால் அவளை ஒதுக்கினார்களோ அந்தக் கதைக்கே பயந்து முதலாளியும் வாயை மூடிக்கொண்டார். சூலம் வேம்படிக்குத் திரும்பிப் போனது. செல்லையாண்ணையை முதலாளி வேலையிலிருந்து நிறுத்தவில்லை. எஞ்சினை வேறொருவருக்கும் ஓட்டத் தெரியாது.

சின்னம்மா திரும்ப அந்த ஆலைக்குப் போகவில்லை. கலியாணமும் செய்யவில்லை. இடக்கையால் தேங்காய் துருவ, மாட்டைக் கட்ட, என் காதைத் திருகப் பழகினாள். சாகும்வரை வாய் ஓயவில்லை. ஊரும் தன் கதையை விடவில்லை.

போன வருசம் அந்தப் பக்கம் போனேன். ஆலை இல்லை. எஞ்சினை எப்போதோ உடைத்துப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்களாம். பலகைகள் யார் வீட்டு அடுப்பிலோ எரிந்திருக்கும். வேம்பு நிற்கிறது. அதன் கீழே முதலாளியின் பேரப்பிள்ளைகள் கட்டிய கோவில் நிற்கிறது. ஆலையடி வைரவர். உள்சுவரில் ஒரு படம் கீறியிருக்கிறார்கள்: வெள்ளைத் தோலும் பட்டுச் சேலையுமாய் ஒருத்தி, சிரித்தபடி, வலக்கையை வாழையிலையில் வைத்து வைரவருக்குக் கொடுக்கிறாள்.

"ஆரிது?" என்று ஐயரைக் கேட்டேன். இளம்பிள்ளை.

"அந்தக் காலத்திலை ஒரு அம்மா, தன்ரை கையைக் காணிக்கையாக் குடுத்தவ. பெரிய பக்தை."

"பேர்?"

"பேர் ஒருத்தருக்கும் தெரியாது அம்மா."

"பாக்கியம்" என்றேன். "என்ரை சின்னம்மா. கறுப்பி. அவள் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கேல்லை. உதிலை ஓடின வார் எடுத்தது. பலகை போடாமல் விட்டவங்கடை பேரும் வேணுமெண்டால் சொல்லுறன்."

பிள்ளை என்னை ஒருமாதிரிப் பார்த்தது. கிழவிக்கு மூளை பிசகு என்று நினைத்திருக்கும். பிறகு மரியாதையாகத் திருநீற்றுத் தட்டை நீட்டியது. நான் எடுக்கவில்லை. மூலையில் குங்கிலியம் புகைந்துகொண்டிருந்தது. நல்ல மணம்தான். தோல் கருகும் மணம் மட்டும் அதில் இல்லை.